ஒரு மரத்துக்குத்தான் இடம்

வாதாம் மரமா, புங்க மரமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஏழு வருஷம் நடந்தது. மற்றப் பேச்சுகளுக்கு நடுவில் அது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தில் ஊர் முடிகிற இடத்தில், புதிதாகப் பிரித்துப் போட்ட மனைகளில் ஒன்றை வாங்கி வீடு கட்டியிருந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே கான்கிரீட். என் அப்பாவும் அம்மாவும் வளவனூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வம்சத்தில் பட்டா என்ற காகிதம் முதல்முதலாக வந்தது என் பெயரில்தான். நான் திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். என் கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.

வாசல் மேற்குப் பார்த்தது. மனை அப்படி அமைந்துவிட்டது, மாற்ற வழியில்லை. எதிரே தெருவைத் தாண்டி இரண்டு ஏக்கர் களர் நிலம். யாரும் பயிர் வைக்காமல் உப்புப் பூத்துக் கிடக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அந்த வெள்ளைத் தரையில் பட்ட வெயில் அப்படியே திரும்பி எங்கள் வாசலுக்குள் வரும். வீடு கட்டிய புதிதில் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் போயிற்று என்று இருந்தோம்.

அடுத்த வருஷம் பட்டறையில் அவருக்குக் கண்ணில் அடிபட்டது. அவசரத்துக்கு ஒரு சின்ன ஒட்டுதானே என்று கண்ணாடி போடாமல் குனிந்திருக்கிறார். அதுவரை ஆயிரம் முறை அப்படிக் குனிந்து ஒன்றும் ஆகாதவர். அன்றைக்குப் பொறி தெறித்துவிட்டது. பாண்டிச்சேரியில் ஒரு கண் டாக்டரிடம் இரண்டு மாதம் போய்வந்தோம். கடைசி நாள் அந்த டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "பார்வை முழுசா போகல. அது வரைக்கும் நல்லது. ஆனா வெல்டிங் பக்கம் இனிமே போகக்கூடாது. கூசற வெளிச்சம் நேரா கண்ணுல படக்கூடாது. நெழல்ல இருந்தீங்கன்னா ஒரு வேலையும் கெடாது."

என் கணவருக்கு அப்போது முப்பத்துநாலு வயது. வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். நான் காலையில் சோற்றை மூடி வைத்துவிட்டு ரயிலுக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் பாதிச் சோறு அப்படியே இருக்கும். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்டால் சண்டை வரும்.

ஆனால் அவர் கை சும்மா இருக்காது. இருட்டறையில் உட்கார்ந்துகொண்டே ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளுக்குச் சக்கரத்தில் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். பாதி வேலையை விரலாலேயே செய்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. எங்கள் தெரு வழியாகத்தான் சுற்றுவட்டக் கிராமத்து ஜனங்கள் சைக்கிளில் டவுனுக்குப் போனார்கள். ரயில்வே கேட் வரைக்கும் வேறு சைக்கிள் கடை இல்லை.

"வாசல்லயே சைக்கிள் கடை வெச்சிடலாங்க" என்றேன்.

"வெளிய ஒக்காரவே முடியல. கடை வெக்கறதாம் கடை."

"நெழல் இருந்தா ஒக்காரலாம்னு டாக்டரே சொன்னாரு இல்ல?"

"எங்க கீது நெழலு?"

அவர் கேட்டது நியாயம். முதலில் கீற்றுப் பந்தல் போட்டோம். உச்சி வெயிலுக்கு அது பரவாயில்லை. நாலு மணிக்கு வெயில் சாய்ந்ததும் பந்தலுக்கு அடியால் நுழைந்து முகத்தில் அடித்தது. கோணியைத் தொங்கவிட்டோம். உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது, கடை இருப்பதும் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியவில்லை. ஆடிக் காற்றில் பாதிக் கீற்று பறந்து களர் நிலத்தில் போய் விழுந்தது. மரம்தான் வழி என்று இரண்டு பேருமே அன்றைக்கு ஒத்துக்கொண்டோம். எந்த மரம் என்பதில்தான் பிரிந்தோம்.

அவர் வேலை செய்த பட்டறைக்குப் பின்னால் ஒரு வாதாம் மரம் இருந்தது. "மூணே வருஷம். கூரைக்கு மேல போயிடுச்சி. ஒவ்வொரு இலையும் விசிறி மாதிரி. அத வெச்சிடலாம்" என்றார்.

எனக்கு வாதாமின் மேல் கோபம் ஒன்றுமில்லை. வாசலுக்கும் வேலிக்கும் நடுவே இருபதடிதான். தெருவோரம் கரண்டு கம்பி. ஒரு மரத்துக்குத்தான் இடம். அந்த ஒன்று தப்பாகப் போய்விட்டால் பிடுங்கிப்போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க எங்களிடம் வருஷம் இல்லை. அதனால் நன்றாகப் பார்த்து வைக்க வேண்டும் என்றேன். என்ன பார்ப்பது என்றார் அவர். மாசியில் இலை கொட்டி மொட்டையாக எத்தனை நாள் நிற்கிறது, சித்திரை வெயில் வருவதற்குள் துளிர்த்து மூடுகிறதா, சாயங்கால வெயிலை எந்த மரம் தடுக்கிறது, இதையெல்லாம் என்றேன்.

"பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நான் பார்த்தேன். ஒரு வருஷம் பார்த்தேன். என்னிடம் பாதி எழுதாமல் கிடந்த சுருக்கெழுத்து நோட்டு ஒன்று இருந்தது. அதில் இடது பக்கம் வாதாம், வலது பக்கம் புங்கன். புங்கனை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்றால், விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அப்படி ஒரு மரம் நின்றது, அதன் கீழே தினமும் நடந்து போவேன். ஒரு பங்குனி மாதம், தெரு முழுவதும் தகித்துக் கிடந்தபோது அதில் மட்டும் புதுத்துளிர் கிளிப்பச்சையாக எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. அது மனசில் நின்றுவிட்டது. திண்டிவனத்தில் எங்கள் அலுவலகத்து மதிலுக்கு வெளியே ஒரு பெரிய வாதாம் இருந்தது. அதனால் காலையும் மாலையும் ஒன்று, பகலில் ஒன்று என்று இரண்டும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

இலை விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தை கடைசியில் வாதாமின் இலைகள் சிவந்து, ஒரே வாரத்தில் கொட்டித் தீர்ந்தன. கொட்டிய வேகத்தில் துளிரும் வந்தது. புங்கன் மாசியில் கொட்டியது, பங்குனி பாதிக்குள் மூடிக்கொண்டது. ஆனால் மழை தொடங்கும் சமயத்தில் வாதாம் இன்னொரு முறை சிவந்து கொட்டியது. அந்த இலை ஒவ்வொன்றும் ஒரு முறம் அளவுக்கு இருந்தது. கீழே வைத்த செருப்பைத் தேட வேண்டியிருந்தது.

உண்மையான வித்தியாசத்தை எனக்குக் காட்டியவை மரங்கள் இல்லை, அவற்றின் அடியில் பிழைத்தவர்கள்.

வாதாமின் கீழே மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயது இருக்கும். காலையில் நான் போகும்போது மரத்தடியில் இருப்பார். சாப்பாட்டு வேளையில் மதிலோரம் இருப்பார். நாலு மணி டீக்கு வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பார். இதைப் பல நாள் பார்த்த பிறகு ஒருநாள் கேட்டேன்: "ஏங்க, மரம் இங்க இருக்குது, நீங்க ஏன் அங்க போய் ஒக்கார்றீங்க?"

அவர் பேனாவை மூடினார். "மரம் இங்கதாம்மா கீது. நெழலு ஊர் சுத்தப் போய்டுது. அதுக்குப் பின்னாடியே டேபிளைத் தூக்கினு நானும் போறேன். மேல பாரு, கிளை எங்க ஆரம்பிக்குது? பதினஞ்சு அடிக்கு மேல. சூரியன் சாஞ்சா அடியால வந்து மூஞ்சில அடிக்கும். நாலு மணிக்கு மேல இந்த எடத்துல ஒரு எழுத்து எழுத முடியாது."

அன்று சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்து இதை இரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் பந்தலில் நடந்ததும் இதேதான். நிழல் மேலே இருந்து பிரயோசனம் இல்லை. கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

புங்கனின் கீழே ஓர் அம்மா வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை எதுவும் இல்லாமல் மூன்று மணிக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு மணி வரை இருந்தேன். சூரியன் இறங்க இறங்க, தாழ்ந்து கவிந்திருந்த கிளைகள் அதை விடாமல் மறைத்துக்கொண்டே வந்தன. அந்த அம்மா ஒரு முறை கூடக் கூடையை நகர்த்தவில்லை.

"இங்க குந்தினா குந்தினதுதான்" என்றார். "பொழுது போனாத்தான் எழுந்திருப்பேன். மாசில ஒரு இருவது நாளு மொட்டையா நிக்கும். முக்காடு போட்டுக்குவேன். அப்புறம் ஒண்ணும் பேஜாரு இல்ல."

"எத்தன வருஷத்து மரம் இது?"

"நான் வந்தப்போ என் ஒசரம் இருந்துச்சி. அது ஆச்சு பத்துப் பன்னண்டு வருஷம். மொத நாலு வருஷம் கொடை புடிச்சினுதான் வித்தேன். இது மெதுவா வர்ற சாதிம்மா."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை நகர்வதையும் கூடை நகராததையும் சொன்னேன். ஆடு புங்க இலையை முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்றேன். களர் மண்ணிலும் புங்கன் வரும் என்றேன். நாலு வருஷம் குடை பிடித்த கதையை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். வேண்டுமென்றேதான் விட்டேன். அதைச் சொன்னால் அவர் புங்கனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொன்னா சரி" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வளவனூர் ஏரிக்கரையில் பொறுக்கிய புங்க விதைகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பழைய தகர டப்பாவில் மண் போட்டு ஊன்றினேன். முளைத்துவந்தது.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டிருந்தது. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசற்படியிலிருந்து ஆறடி தூரத்தில் புதிதாகத் தோண்டிய குழி, அதில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வாதாம் கன்று. சுற்றிலும் முள் அடைத்திருந்தது. அவர் படியில் உட்கார்ந்திருந்தார். கை முழுக்கச் சேறு.

"இன்னாங்க இது?"

"வாதாங்கன்னு."

"நம்ம பேசினது இன்னா?"

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "காலைல ஸ்டேஷன் பக்கம் நடந்து போனேன். மல்லாட்டை விக்குதே அந்தம்மா, அதுகிட்ட ஒக்காந்து பேசினேன். நாலு வருஷம் கொடை புடிச்சினு ஒக்காந்தாங்களாமே. அத ஏன் எங்கிட்ட சொல்லல நீ?"

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றேன்.

"நாலு வருஷம் நான் உள்ள படுத்துக்கினு இருக்கணுமா? நீ காலைல போய்ட்டு சாயங்காலம் வர்ற. நடுவுல எத்தன மணி நேரம்னு தெரியுமா ஒனக்கு?" அவர் குரலை உயர்த்தவில்லை. "மூணு வருஷம் ஓட்டினா போதும் எனக்கு. அதுக்கு மேல இன்னா ஆவுதோ ஆவட்டும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. ஒளித்தது என் தப்பு என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

ஆனால் புங்கனை விட எனக்கு மனசில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வேலியை ஒட்டி மேற்கு ஓரத்தில் நானே ஒரு குழி தோண்டினேன். மழை பெய்திருந்தும் இரண்டடிக்குக் கீழே மண் கல்லாக இருந்தது. கடப்பாரை போட்டு உடைத்தேன். கையில் கொப்புளம் வந்தது. மறுநாள் டைப் அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் வலித்தது. அவர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எழுந்து வந்து எருக்கூடையை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு மரத்துக்கு எடமில்லன்னு சொன்னவ நீதான்" என்றார்.

"இல்லதான். ரெண்டும் வளரட்டும். தல ரெண்டும் எப்ப இடிச்சுக்குதோ அப்ப ஒண்ண எடுத்துடலாம்."

"எத எடுக்கறது?"

"அன்னிக்குப் பேசிக்கலாம்."

தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் தவலையில் பிடித்து வைத்து இரண்டு மரத்துக்கும் ஊற்றினேன். வாதாமுக்கு ஒரு தவலை என்றால் புங்கனுக்கும் ஒரு தவலைதான். அவர் வைத்தது, நான் வைத்தது என்று தண்ணீரில் பார்த்ததில்லை. முதல் வருஷத்திலேயே ஓர் ஆடு முள்ளைத் தள்ளிக்கொண்டு வந்து வாதாமின் நுனியைக் கடித்துவிட்டது. அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கடித்த இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடித்து வந்த பிறகுதான் முகம் தெளிந்தது. அதே ஆடு புங்கன் பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வாதாம் அவர் சொன்னதுபோலவே வளர்ந்தது. இரண்டாம் வருஷம் என் தலைக்கு மேல் போனது. மூன்றாம் வருஷம் ஜன்னலைத் தாண்டி, தட்டு அடுக்கியதுபோலச் சுற்றிலும் கிளையை நீட்டியது. புங்கன் அப்போது என் தோளுயரம்கூட இல்லை. அந்தச் சித்திரையில் அவர் வாதாமின் கீழே ஒரு பலகையைப் போட்டார். பம்ப்பு, தண்ணீர்த் தொட்டி, டியூப் துண்டுகள், சொல்யூஷன் டப்பா எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். முதல் நாள் மூன்று பஞ்சர், ஒரு செயின் மாற்றும் வேலை. சாயங்காலம் நான் வந்தபோது அவர் கையில் கிரீஸ் வாசனை அடித்தது. தட்டில் வைத்த சோறு முழுவதும் போயிருந்தது.

அந்த ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் சொன்னேன்: "நீங்க வெச்சதுதாங்க சரி."

"ம்" என்றார்.

நான் பார்த்து எழுதிய நோட்டில் இல்லாத ஒன்றை அவர் அறிந்திருந்தார். காத்திருக்க முடியாத ஆளுக்கு, மெதுவாக வருகிற நல்ல மரத்தைவிட சீக்கிரம் வருகிற சுமாரான மரம் மேல். அதை ஒத்துக்கொண்டேன். ஆனால் புங்கனுக்கு ஊற்றுகிற தண்ணீரை நிறுத்தவில்லை.

கடை நன்றாகப் போனது. கரும்பு வெட்டுகிற ஆட்கள், பால்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று தினமும் யாராவது நிற்பார்கள். வாதாமின் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்ததும் அப்போதுதான். சக்கரத்திலிருந்து கழற்றி வைத்த பால்ரஸ் குண்டுகளின் மேல் ஓர் இலை விழுந்தால் அதைத் தூக்கித் தூக்கித் தேட வேண்டும். மழைக்கு முன் கம்பளிப்பூச்சி பிடித்து, பொத்துப் பொத்தென்று தோளில் விழுந்தது. ஒரு வாரம் அவர் கழுத்து முழுக்கத் தடித்திருந்தது. காய் பிடிக்கத் தொடங்கியதும் தெருப்பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். ஒரு கல் ஒரு சைக்கிளின் டைனமோ விளக்கை உடைத்தது. எல்லாவற்றுக்கும் மேல், நாலு மணி. அந்த மனு எழுதுபவர் சொன்னது அப்படியே நடந்தது. வெயில் அடியால் நுழைந்தது. என் கணவரின் கண்ணில் தண்ணீர் வழியும். சாமானை மூட்டை கட்டி உள்ளே வந்துவிடுவார். ஜனங்கள் வேலை முடிந்து திரும்புகிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் கடை மூடியிருக்கும்.

ஐந்தாம் வருஷம் புங்கன் திடீரென்று எழுந்தது. வேர் அந்தக் கல் மண்ணைத் தாண்டிவிட்டது போலும். ஒரே மழைக்காலத்தில் இரண்டாளுயரம் ஆகி, அடியிலிருந்தே கிளை விட்டு, வேலியோரம் ஒரு பச்சைத் திரை மாதிரி நின்றது. ஒருநாள் அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாதாமின் கீழே பலகை மட்டும் இருந்தது. அவர் புங்கனுக்குப் பின்னால், அதன் நிழல் விழுந்த இடத்தில் குத்துக்காலிட்டு ஒரு ரிம்மைச் சுற்றிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இரண்டு மரத்தின் தலையும் இடித்துக்கொள்ள இன்னும் ஒரு வருஷம் ஆனது. வாதாம் தன் தட்டுகளைப் புங்கன் மேல் நீட்டியது. புங்கன் வெளிச்சம் தேடித் தெருப்பக்கம் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தால் கரண்டு கம்பியைத் தொடும், அப்போது கம்பிக்காரர்கள் வந்து நம்மைக் கேட்காமலே வெட்டுவார்கள். வாசற்படியிலும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. வாதாமை ஆறடி தூரத்தில் நட்டதன் பலன் அது.

நான் தயாராகத்தான் இருந்தேன். நோட்டை எடுத்துத் திரும்ப ஒரு முறை படித்தேன். எந்த வரிசையில் சொல்ல வேண்டும், அவர் என்ன பதில் சொல்வார், அதற்கு என்ன பதில் என்று ரயிலில் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டு முடித்ததும் தொடங்கலாம் என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மரம் வெட்ற ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன். புதன்கெழம வர்றாங்க. வாதாம எடுத்துடலாம்" என்றார்.

ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"ஏன், அது உங்களுக்கு நெழல் குடுக்கலையா?" என்றேன்.

"குடுத்துச்சி. அது இல்லன்னா நான் உள்ளயே கெடந்திருப்பேன்." வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு மூணு வருஷம் ஓட்டினா போதும்னு இருந்துச்சி எனக்கு. அதுக்கு அது சரி. இப்ப அப்பிடி இல்ல. இன்னும் இருவது வருஷமாவது இந்த வாசல்ல ஒக்காந்து வேல செய்யணும். அதுக்குப் புங்கன்தான்."

நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கப் போகிறவள்போல உள்ளே போய்விட்டேன்.

புதன்கிழமை நான் லீவு போட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். கிளைகளைக் கழித்து, பிறகு அடியில் அறுத்தார்கள். வீட்டுப் பக்கம் சாயாமல் இருக்க நடுமரத்தில் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிற்றின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். வெயில் முகத்தில் அடித்தது, உள்ளே போங்கள் என்றேன், போகவில்லை. மரம் வேலிக்கு இந்தப் பக்கமாகவே, சொன்ன இடத்தில் விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் அடிமரத்தில் கை வைத்து நின்றார். கிளைகளை அந்த ஆட்களே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வாதாம் போன பிறகு எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. உச்சி வேளைக்கு நிழல் இல்லாமல் இரண்டு கோடை கஷ்டப்பட்டோம். படிக்கு மேலே மறுபடி கீற்று வைத்தோம். புங்கன் வாதாமை ஒட்டியிருந்த பக்கம் மொட்டையாக, ஒரு கை இல்லாததுபோல் நின்றது. பார்க்கவே நன்றாக இல்லை, தப்புச் செய்துவிட்டோமோ என்று நான்கூட நினைத்தேன். அவர் தெருப்பக்கம் சாய்ந்த கொம்பைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். மூன்றாவது பங்குனியில் அந்த மொட்டைப் பக்கம் முழுவதும் துளிர்த்து மூடியது. சாயங்காலம் ஏழு மணி வரை கடை திறந்திருந்தது.

பிறகு புதிதாக ஒரு தகராறு வந்தது. அடிக்கிளைகள் தாழ்ந்து இடிக்கின்றன, ஆளுயரத்துக்குக் கழித்துவிடலாம் என்றார் அவர். அடிக்கிளைதான் சாயங்கால வெயிலைத் தடுக்கிறது, அதைக் கழித்தால் வாதாமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றேன் நான். ஒருநாள் இருவருமாக மரத்தடியில் நின்று அளந்தோம். அவர் அரிவாளோடு நின்றார், நான் கிளையைப் பிடித்துக்கொண்டேன். தெற்குப் பக்கம் இரண்டு கிளையைக் கழிக்க ஒத்துக்கொண்டேன். மேற்குப் பக்கம் ஒன்றையும் தொட விடவில்லை.

அதனால் அந்தப் பக்கமிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் குனிந்துதான் வர வேண்டியிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நெற்றியில் இடிக்கும். அவர் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "குனிஞ்சி வாங்க, கிளை கீது" என்பார்.